மகளின் சாதகத்தில் லக்கினம் மாறி வருகிறது, அவசரம்

செல்வி_அம்மா: மகளின் சாதகத்தைக் கணினியில் போட்டால் சிங்க லக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்த ராசி சிங்கம் என்று வருகிறது. ஐயர் கையால் எழுதித் தந்த குறிப்பில் கன்னி. இரண்டிலும் காலை 7.10தான். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப வேண்டும். எது சரி?

கோண்டாவிலான்: எந்த ஆண்டு, எந்த ஊர் அக்கா?

சோதிடமணி: இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. ராசிகளின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்ற திருத்தப் பாகையான அயனாம்சத்தைப் பாருங்கள். லாகிரி அயனாம்சத்துக்குப் பதில் ராமன் அயனாம்சம் போட்டிருப்பீர்கள்.

கோண்டாவிலான்: ஐயா, அந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரைப் பாகைதான் வரும். லக்கினம் விளிம்பில் நின்றால் ஒழிய ராசி மாறாது.

துளசி: ஐயரின் குறிப்பு வாக்கியப் பஞ்சாங்கப்படியா, திருக்கணிதப் பஞ்சாங்கப்படியா?

செல்வி_அம்மா: அதெல்லாம் தெரியாது. புதுக்குடியிருப்பு, 1998 செப்டம்பர் 4.

முறிகண்டி: அதை முதலே சொல்லியிருக்கலாமே! மின்சாரத் தட்டுப்பாடு என்று 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, கிரீனிச் நேரத்தோடு கூட்டுவதை 5.30இலிருந்து 6.30 ஆக்கினார்கள். ஒக்டோபரில் அரை மணி குறைத்து 6.00. பழைய 5.30க்குத் திரும்பியது 2006 சித்திரையில். ஆகவே 98க்கு மென்பொருள் 6.00 என்றே எடுக்கும். ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில், உங்கள் புதுக்குடியிருப்பிலும், மணிக்கூட்டை மாற்றவில்லை. உங்கள் 7.10 பழைய நேரம். அரை மணியில் லக்கினம் ஏழு பாகைக்கு மேல் நகர்ந்துவிடும். நேர வலயத்தில் 5.30 என்று நீங்களே போடுங்கள்.

துளசி: வன்னியில் எல்லோரும் பழைய நேரம்தான் பார்த்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியுமா? ஆஸ்பத்திரிக்காரருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்துதானே வந்தது?

முறிகண்டி: சம்பளம் எங்கிருந்து வந்தால் என்ன, சுவரில் தொங்கியது எந்த நேரம்? நான் அங்கே இருந்தவன் தம்பி.

துளசி: நான் தம்பி இல்லை, அக்கா.

சோதிடமணி: அரை மணிக்கு அரசியல் வேண்டாம். அயனாம்சத்தைப் பார்த்தார்களா என்று இன்னும் பதில் இல்லை.

செல்வி_அம்மா: 5.30 போட்டேன், கன்னி வந்துவிட்டது. நன்றி. மாப்பிள்ளை கொழும்பு, 1996 ஓகஸ்ட். அவருக்கும் 5.30 தானே?

முறிகண்டி: ஐயோ, இல்லை! அவருக்கு 6.30. அவர்கள் எதைப் போட்டார்கள் என்று கேட்டுவிட்டுப் பொருத்தம் பாருங்கள்.

கோண்டாவிலான்: செல்வி அக்கா, பொருத்தம் பார்த்தீர்களா?