ஹோட்டல்களின் சுத்திகரித்த கழிவுநீரை ஐஸ் ஆலையின் கூலிங் டவருக்கு விடலாமா? (திருகோணமலை)

கொட்பேக்காரன்:
வணக்கம். கொட்பேயில் ஒரு ஐஸ் ஆலையில் மெஷின் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். குளிரூட்டுவது அமோனியா சிஸ்டம்; அமோனியாவின் சூட்டை இறக்கும் கண்டென்சருக்குத் தண்ணீர் சுழல்கிறது, அந்தத் தண்ணீரைக் காற்றில் ஆற வைப்பது கூலிங் டவர். மழை இல்லாத மாதங்களில் எங்களுக்கு வருகிற கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் பெரும் பகுதி டவரில் ஆவியாகிப் போகிறது, அதே நேரம் ஊருக்குள் சனம் குடத்தோடு நிற்கிறது, இது எனக்குச் சரியாகப் படவில்லை. உப்புவெளிப் பக்கம் சில ஹோட்டல்களில் சுத்திகரித்த கழிவுநீர் தோட்டத்துக்குப் போக மிஞ்சுகிறது. அதைப் பவுசரில் (தண்ணீர் லொறியில்) எடுத்து டவருக்கு விடலாமா? நிலாவெளியில் மாமாவும் தன் வெங்காயத் தோட்டத்துக்குக் கேட்கிறார்.

பொயிலர் அண்ணை:
விடலாம் தம்பி, உலகத்தில் புதிய விஷயம் இல்லை. சென்னை மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களிலேயே கொடுங்கையூர்க் கழிவுநீரை வாங்கத் தொடங்கிவிட்டன. 2019இல் அங்கேயே நாளுக்கு 4.5 கோடி லீற்றர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. (மென்சவ்வால் உப்பையும் வடிக்கும்) நிலையமும் வந்தது, அந்தத் தண்ணீர் குழாய் வழியாகத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது.

ஆனால் முதலில் உங்கள் டவர் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 500 கன மீற்றர் சுழன்று 6 பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய 5 கன மீற்றர் ஆவியாகும், அது போய்த்தான் தீரும். ஆவியாக ஆக மிஞ்சும் தண்ணீரில் உப்புச் செறியும், அதனால் கொஞ்சத்தை வால்வைத் திறந்து வெளியே விட வேண்டும். உப்பு இரண்டு மடங்கு செறிந்ததுமே திறந்து விட்டால் இன்னும் 5 கன மீற்றர் வீணாகும், மணிக்கு மொத்தம் 10 தேவை. ஐந்து மடங்கு வரை ஓட்ட முடிந்தால் 6.25 போதும். நிறைய ஆலைகளில் அந்த வால்வைத் திறந்தபடியே விட்டுவிடுகிறார்கள், அதைச் சரிசெய்தாலே பவுசர் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

கழிவுநீரில் மூன்று தொல்லை: பொஸ்பேற், அமோனியா, கிருமிக்குச் சாப்பாடு. பொஸ்பேற் கல்சியத்தோடு சேர்ந்து கண்டென்சர் குழாயில் காறையாகப் படியும். கழிவுநீரில் கரைந்த அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும், உங்கள் கண்டென்சர் இரும்பு என்பதால் அது தப்பும், ஆனால் பம்ப், வால்வுகளில் பித்தளை இருக்கிறதா பாருங்கள். குளோரின் விட்டாலும் இந்த அமோனியா அதை இழுத்துக்கொள்ளும், வழக்கமான அளவு போதாது. டவரிலிருந்து பறக்கும் துளியை ஆட்கள் மூச்சில் எடுப்பார்கள், நுரையீரல் காய்ச்சல் தரும் லெஜியோனெல்லாக் கிருமி அந்த வெதுவெதுப்பில் நன்றாக வளரும். துளி தடுக்கும் தகடு இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஐஸ் வார்க்கிற தண்ணீர் குடிக்கிற தண்ணீர்தான். இரண்டு லைனும் எங்கேயும் ஒரு வால்வால்கூடச் சந்திக்கக் கூடாது. தனித் தாங்கி, தனி நிறக் குழாய். அந்த ஐஸில்தான் நாங்கள் சாப்பிடுகிற மீன் கிடக்கிறது.

கடலோரம்:
பக்கத்தில் கடலே இருக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை?

பொயிலர் அண்ணை:
சாதாரண இரும்புக் குழாய் கடல்நீரில் நிற்காது. டைட்டேனியம், குப்ரோநிக்கல் (செம்பு-நிக்கல் கலவை) என்று போக வேண்டும், அமோனியா சிஸ்டத்தில் குப்ரோநிக்கல் சேராது. மிஞ்சுவது டைட்டேனியம், அதன் விலைக்குச் சின்ன ஆலை தாங்காது.

நிலாவெளித் தோட்டம்:
மாமாவின் வெங்காயத்தைப் பற்றிச் சொல்கிறேன். கிருமியை விட எனக்கு உப்புத்தான் பயம். சாதாரண சுத்திகரிப்பு உப்பை எடுக்காது, கடற்கரை ஹோட்டல்களில் கிணற்று நீரே உவர் என்றால் அது அப்படியே வெளியே வரும். மண்ணின் உப்பு (மின்கடத்து அளவில்) மீற்றருக்கு 1.2 டெசிசீமென்ஸ் தாண்டியதும் வெங்காய விளைச்சல் இறங்கத் தொடங்கும். எங்கள் மணலில் மாரிமழை கொஞ்சம் கழுவும், ஆனால் கழுவின உப்பு போவது நாங்கள் குடிக்கிற அதே ஆழமில்லாத கிணற்றுக்குத்தான்.

உரம் இருக்கிறது, உண்மை. லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைதரசன் இருந்து ஏக்கருக்கு 2000 கன மீற்றர் பாய்ச்சினால் 40 கிலோ நைதரசன், 87 கிலோ யூரியாவுக்குச் சமம். ஆனால் வெங்காயத்துக்குக் கடைசி வாரங்களில் நைதரசன் கூடினால் கழுத்துத் தடிக்கும், வைத்து விற்க முடியாமல் அழுகும். அப்புறம் பச்சையாகச் சம்பலில் போடுகிற பயிர் அது. பச்சையாகத் தின்னும் பயிருக்கு உலக சுகாதார நிறுவனம் 1989இல் வைத்த எல்லை 100 மில்லிலீற்றருக்கு 1000 மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் பக்டீரியா), குடற்புழு முட்டை லீற்றருக்கு ஒன்று. மாமாவிடம் தென்னைக்கும் மாட்டுப் புல்லுக்கும் விடச் சொல்லுங்கள், அதுவும் வேரடியில்.

உப்புவெளி வாசி:
ஹோட்டல் மிச்சத்தை நம்பி எத்தனை ஆலை ஓடும்? நகரத்தில் வீட்டுக்கு வீடு மலக்குழிதான், ஒன்றுசேர்க்கிற குழாய் இல்லாமல் மீளப் பயன்படுத்தத் தண்ணீரே கிடைக்காது. சீனன்குடாப் பக்கம் இன்னும் தொழிற்சாலை வரும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், கழிவுநீர் வடிகால் திட்டம் போடும்போதே தொழிற்சாலைக்கு ஒரு குழாயையும் சேர்த்துப் போடச் சொல்லி இப்போதே கேட்க வேண்டும். வீதியைக் கிண்டி முடித்த பிறகு கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கொட்பேக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. வால்வு விஷயத்தை நாளைக்கே பார்க்கிறேன். ஹோட்டல் தண்ணீரில் குளோரைட் (உப்பு), பொஸ்பேற், அமோனியா, கோலிஃபார்ம் நான்கும் பரிசோதிக்கக் கொடுக்கிறேன், சுற்றாடல் அனுமதியில் மாற்றம் வேண்டுமா என்றும் கேட்கிறேன். அண்ணை, மாதிரி எடுக்க மழைக்கு முன்னா பின்னா நல்லது?

பொயிலர் அண்ணை:
முன்னுக்கு எடுங்கள், ஆவணி கடைசியில், ஹோட்டல் நிறைந்திருக்கும்போது. அப்போதுதான் உப்பும் அமோனியாவும் ஆகக் கூட இருக்கும்.