மறு: 'நக்ஷா'வுக்குத் தமிழில் என்ன?

வணக்கம். ஊரைக் கேலியாகப் படம்பிடிக்கும் 'நக்ஷா' என்ற வங்காள உரைநடை வகைக்குத் தமிழ்ப்பெயர் தேடினேன். அதற்கு நீங்கள் கேட்டது:

> 'அங்கதச் சித்திரம்' போதாதா? எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. அங்கதம் அருமையான சொல், தொல்காப்பியமே அதைச் செம்பொருள் (நேராகப் பழிப்பது), கரந்தது (மறைத்துப் பழிப்பது) என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஆனால் அது செய்யுள், நாடகம், கட்டுரை எல்லாவற்றுக்கும் பொது. எனக்கு வேண்டியது 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் நக்ஷா என்று வழங்கிய அந்த ஒரு உரைநடை வகைக்கான பெயர். பிரகசனம் என்ற கேலி நாடக வகையில் இந்தத் தொல்லை இல்லை. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தின் 1860ஆம் ஆண்டு நாடகத்தில் படித்த பிள்ளைகள் 'ஞானதரங்கிணி சபை' என்று பெயர் வைத்துக்கொண்டு கூடிக் குடிக்கிறார்கள். அதைப் பிரகசனம் என்றாலே, மகேந்திரவர்மப் பல்லவனின் மத்தவிலாசப் பிரகசனம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

நக்ஷா அப்படியில்லை. காளிபிரசன்ன சிங்கர் இருபது வயதை ஒட்டி எழுதிய 'ஹுதோம் பியாஞ்சார் நக்ஷா'வில் தொடர்ந்து ஓடும் கதையே கிடையாது. ஓர் ஆந்தை ஊரைப் பார்த்துக் கல்கத்தாப் பேச்சுமொழியிலேயே வம்பளக்கிறது, அவ்வளவுதான். வங்காளத்துச் சிவன் விழாவான சடக் திருவிழாவின் பறையொலியோடு தொடங்கி, மாலையில் தெருவுக்கு வந்ததும் சொல்கிறது: இங்கிலீஷ் ஜோடு, சாந்திப்பூர்க் கோடுபோட்ட மேல்துண்டு, கல்கத்தாவின் சிமலாப் பகுதி வேட்டி, இவற்றின் புண்ணியத்தில் சின்ன ஆள் யார் பெரிய மனுஷன் யார் என்று அடையாளமே தெரியவில்லையாம். புதுப்பணமும் புது உடையும் ஊரைப் புரட்டிப்போட்டதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நக்ஷா என்றால் வரைபடம், கோட்டுருவம். நம்மிடம் 'நகாசு வேலை' என்று புழங்குவதும் இதன் உறவுக்காரச் சொல்தான். ஆனால் அது நகைக்கடைப் பக்கம் போய்விட்டது, இனித் திரும்பி வராது.

என் பரிந்துரை: எள்ளற்கோலம். கோலம் என்றால் கோட்டால் வரைவது, போடும் வேஷமும் அதுதான், "என்னடா இது கோலம்!" என்று தலையில் அடித்துக்கொள்வதும் அதைப் பார்த்துத்தான். நக்ஷாவில் இந்த மூன்றும் இருக்கின்றன. முதலில் 'ஊர்க்கோலம்' என்றுதான் எழுதினேன், மாப்பிள்ளை அழைப்பு நினைவுக்கு வந்ததால் அடித்துவிட்டேன். 'நகைக்கோலம்' என்றால் மறுபடியும் நகைக்கடை.

அப்புறம், நக்ஷாக்களில் கேலிக்கு ஆளாகும் கல்கத்தாச் சொகுசுப் பணக்காரரான 'பாபு'வை மைனர் என்று மாற்றலாம் என்ற யோசனைக்கு நான் உடன்படவில்லை. மைனர் என்றதும் ஆள் தஞ்சாவூருக்கு வந்துவிடுவார். பாபு பாபுவாகவே இருக்கட்டும்.

'எள்ளற்' என்பதில் வரும் றகரம் வாயில் இடறுகிறதென்றால் 'எள்ளல் கோலம்' என்று பிரித்தே எழுதலாம், எனக்குச் சம்மதம்.