வயரைப் பிடித்து இழுத்த கதை: மாமாவின் அம்பாசடர்

மாமாவின் வண்டி 1986 மார்க் 4 அம்பாசடர். மணவாளக்குறிச்சியில் கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில், ஓலை ஷெட்டில் நாலு வருடம் கிடந்தது. நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்து பெயின்டுக்கு விடலாம் என்று கிரில்லையும் ஹெட்லைட்டையும் நானே கழற்ற உட்கார்ந்தேன். ஸ்குரூ எல்லாம் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது வயரில்தான்.

கிரில்லுக்குப் பின்னால் வயர்கள் சேரும் இடத்தில் கறுப்பு ரப்பர் உறை இருக்கும். உள்ளே சின்ன உலோகக் குழல்; இரண்டு பக்கத்திலிருந்தும் வயர் நுனியில் தோட்டா மாதிரி ஒரு முனை அதில் செருகியிருக்கும். புல்லட் கனெக்டர். லூகாஸ் கம்பெனி வயரிங் போட்ட பிரிட்டிஷ் வண்டிகளின் வழக்கம் அது. அம்பாசடரே மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வாரிசுதானே. புதிதாக இருக்கையில் இழுத்தால் டப்பென்று வந்துவிடும். நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு அப்புறம்? தேய்க்காத குத்துவிளக்கில் பிடிக்கிற அதே பச்சைக் களிம்பு, குழலையும் முனையையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது.

நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர், ஹை பீமுக்குப் போவது. பிடித்து ஒரு இழு இழுத்தேன். வயர் மட்டும் கையில் வந்தது, முனை உள்ளேயே நின்றுவிட்டது. வந்த செம்பு நார்களும் கரிபிடித்துக் கறுத்திருந்தன. ஈயம் வைத்துப் பார்த்தேன், பிடிக்கவே இல்லை. அப்படியே இன்னும் இரண்டு போச்சு.

அப்புறம்தான் தக்கலைப் பக்கத்து வயரிங் ஆசான் ஒருவரைக் கூட்டிவந்தேன். எழுபதைத் தாண்டியவர். பார்த்ததும் கேட்டார்: "மக்கா, கயித்த விட்டுட்டு வாலப் பிடிச்சு இழுத்தா மாடு வருமா?"

முதல் வேலையாக பேட்டரியின் எர்த் டெர்மினலை, அதாவது வண்டியின் பாடியோடு சேரும் முனையை, கழற்றினார். எர்த் முதலில் ஏன் என்றால், லைவ் பக்கத்தைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். எர்த் போய்விட்டால் அந்தப் பயம் இல்லை. பிறகு வெந்நீரில் முக்கிய துணியை ரப்பர் உறைமேல் சுற்றி ஐந்து நிமிடம் விட்டார். கல்லாக இருந்த ரப்பர் இளகி, சட்டைக் கையை மடிப்பதுபோலப் பின்னால் சுருண்டது. குழலின் வாயில் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு. "நாளைக்குப் பாப்போம்" என்று போய்விட்டார்!

மறுநாள் இரண்டு நோஸ் பிளேயர். ஒன்று குழலைப் பிடித்தது, இன்னொன்று முனையின் உலோகக் கழுத்தை. வயரைத் தொடவே இல்லை. இடமும் வலமும் துளி திருகல், பிறகு நேர் இழுப்பு. மீதி பதினொன்றும் முழுசாக வந்தன. கழற்றிய குழல்களைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தோம். அடுத்த தடவை புளியில்லாமல் மீன்குழம்பு வைக்கச் சொல்வேன் என்று வீட்டில் மிரட்டல் வேறு.

நிறம் ஒரு தலைவலி. பச்சையும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரிந்தன. சுற்றியிருந்த டேப்பை இரண்டு அங்குலம் பின்னால் பிரித்தால் உள்ளே அசல் நிறம் அப்படியே இருக்கிறது. கழற்றும் முன் போட்டோ எடுங்கள். துண்டுச் சீட்டில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் கட்டினேன். எண்ணெய்க் கையில் பாதி அழிந்துவிட்டது.

*

குளச்சல், ஃபியட் பத்மினி வைத்திருப்பவர்:
அண்ணாச்சி, ஃபியட்டில் இது வேற மாதிரி. வயர் நுனியில் தட்டை லக், அதாவது தகடு மாதிரி முனை. பெண் லக்கின் உள்ளே ஒரு சின்ன மேடு, ஆண் தகட்டில் இருக்கிற ஓட்டையில் உட்கார்ந்திருக்கும். மேலும் கீழும் ஆட்டினால் தகடு அடியோடு ஒடியும். எனக்கு ஃபியூஸ் பாக்ஸிலேயே ஒடிந்தது, அதற்கு மாற்று பாக்ஸ் தேடி அலைந்தது தனிக்கதை. லக்கையே பிளேயரால் பிடித்து, தகட்டின் போக்கிலேயே இழுக்கணும்.

மார்த்தாண்டம், அம்பாசடர்:
சாவியை எடுத்தாச்சே என்று பேட்டரியைக் கழற்றாமல் கைவைத்தவன் நான். பிரவுன் வயர் ஃபியூஸ் வழியாக வராமல் நேரே பேட்டரியிலிருந்து வருவது, சாவி போட்டாலும் போடாவிட்டாலும் லைவ்தான் என்று யார் கண்டது? நுனி ஃபெண்டரில் பட்டது. ஒரு நொடியில் வயர் முழுக்கப் புகை. டேஷ்போர்டு வரைக்கும் உறை உருகி, பக்கத்து வயர்களோடு ஒட்டிக்கொண்டது. ஒரு சின்ன ஸ்பானர் வேலைக்குச் சோம்பல்பட்டு முழு ஹார்னஸ், அதாவது வயர்க் கட்டு மொத்தத்தையும் மாற்றினேன்.

மணவாளக்குறிச்சி வண்டிக்காரர், மறுபடியும்:
எல்லாம் மாட்டி, முனைகளில் லேசாக வாஸ்லின் தடவி ஆன் பண்ணினால் இடது லைட் மட்டும் மங்கல். ஆசானுக்குப் போன் போட்டேன். "எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்ட சொரண்டினியா?" என்றார். சொரண்டவில்லை. சொரண்டினேன். எரிகிறது.