பிரெஞ்சுத் தீவான நம் ரெயூனியோனிலிருந்து பிள்ளைகளை வெளிநாட்டுப் பள்ளிப் பயணத்துக்கு அனுப்பியவர்கள், உங்கள் அனுபவம்?

சேன்-ஆந்த்ரே அம்மா:

என் மகள் கோலேஜில் (நடுநிலைப் பள்ளி) ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள். வகுப்போடு பாரிஸ் வழியாக மத்ரீத் போய் வந்தாள். அடுத்து அனுப்பப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஆ.எஸ்.தே. தாள், அதாவது பிள்ளை நாட்டை விட்டு வெளியே போகப் பெற்றோர் கொடுக்கும் அனுமதி. 2013-இல் எடுத்துவிட்டு, 2017 ஜனவரி 15 முதல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய ஞாபகத்தில் நம்மாட்கள் இன்னமும் மேரிக்கு (நகராட்சி அலுவலகம்) போய் நிற்கிறார்கள். மேரிக்கும் இதற்கும் இப்போது சம்பந்தமே இல்லை. செர்ஃபா 15646 என்ற அரசுப் படிவத்தை இணையத்தில் எடுத்து வீட்டிலேயே நிரப்பலாம். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். கூடவே அந்தக் கையெழுத்துக்காரருடைய அடையாள அட்டை நகல். எத்தனை நாள் செல்லும் என்று நாமே எழுதலாம், ஒரு வருஷத்தைத் தாண்டக் கூடாது. இங்கிருந்து பாரிஸ் வரைக்கும் மட்டும் போகிற பிள்ளைக்கு இது வேண்டாம், அது ஒரே நாடுதானே. அங்கிருந்து எல்லை தாண்டினால்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் சிக்கல் பெயரில். நான் புதுச்சேரிக்காரி, இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். அதில் குடும்பப் பெயர் கட்டம் காலி. மகளுடைய பிரெஞ்சுத் தாள்களில் அவள் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. என் பாஸ்போர்ட் நகலையும் அவள் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் நாங்கள் தாயும் மகளும் என்று தெரியாது. அதனால் லிவ்ரே த ஃபமீய் (குடும்பப் பதிவேடு) நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். பாரிசில் விமான கவுண்டரில் ஆசிரியை அதைத்தான் எடுத்துக் காட்டினாராம். இனிஷியல் வைத்துக்கொண்டு வாழும் நம் குடும்பங்கள் எல்லாம் அந்த நகலைக் கோப்பில் வைத்துவிடுங்கள், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

வைத்தியத்துக்கு ஐரோப்பிய சுகாதார அட்டை. அமெலி (பிரெஞ்சு சுகாதாரக் காப்பீட்டு இணையதளம்) கணக்கில் கேட்டால் இலவசம், இரண்டு வருஷம் செல்லும். என் அட்டையில் மகள் போக முடியாது, பிள்ளைக்கென்று தனி அட்டை வேண்டும். தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும். நேரம் இல்லையென்றால் மூன்று மாதம் செல்லும் தற்காலிகச் சான்றிதழை அங்கேயே இறக்கிக்கொள்ளலாம்.

சேன்-பியேர் அப்பா:

அக்கா சொன்ன அந்த அட்டையை நம்பி மொரீசியசுக்கு அனுப்பிவிடாதீர்கள். முக்கால் மணி நேர விமானம், பக்கத்துத் தீவு, ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியம் கிடையாது. அட்டை அங்கே வெறும் பிளாஸ்டிக்.

பையன் ஹேண்ட்பால் விளையாடப் போன இடத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். கிளினிக்கில் பணத்தை வைத்தால்தான் எக்ஸ்ரே என்றார்கள். நல்லவேளை, கூடப் போன ஆசிரியர் பள்ளிக் காப்பீட்டின் உதவி எண்ணுக்கு முதலில் போன் போட்டு, கோப்பு எண் வாங்கிவிட்டார். பிறகு எல்லாம் அவர்கள் பேசிக்கொண்டார்கள். போன் போடாமல் நாமே செலவு செய்துவிட்டு அப்புறம் பில்லைக் காட்டினால் இழுத்தடிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு, படித்துப் பாருங்கள்.

பள்ளி கட்டாயமாக்காத விருப்பப் பயணம் என்றால் பிள்ளைக்கு இரண்டு காப்பு கட்டாயம்: பிள்ளையால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு ஒன்று, பிள்ளைக்கே அடிபட்டால் ஒன்று. நிறைய பேர் வீட்டு இன்சூரன்சில் முதலாவது இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இரண்டாவது அதில் பெரும்பாலும் இருக்காது. பிள்ளையைத் திருப்பி அழைத்துவரும் செலவும் தனி வரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவுக்குள்ளேயே போனாலும் சுகாதார அட்டை அந்தச் செலவைத் தராது, தனியார் மருத்துவமனையிலும் செல்லாது.

நாங்கள் கையிலிருந்து கொடுத்த மருந்துச் செலவுக்கு எஸ்3125 படிவத்தோடு பில்களை செ.ஜே.எஸ்.எஸ்.-இல் (இங்குள்ள சமூகப் பாதுகாப்பு அலுவலகம்) போட்டோம். அவசர வைத்தியம் என்றால்தான் பார்ப்பார்கள், அதுவும் பிரான்சு விலைக்கு மேல் தர மாட்டார்கள்.

லெ போர் வாசி:

லண்டன் பயணத்துக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமே என்று இங்கே ஒரே பதற்றம். 2021 அக்டோபரிலிருந்து பாஸ்போர்ட் கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் 2023 டிசம்பர் 28 முதல் பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்களுக்கு விலக்கு இருக்கிறது. ஐந்து பிள்ளைகளுக்குக் குறையாத குழு, பள்ளி நிரப்பும் தனிப் படிவம், அவ்வளவுதான். பிரெஞ்சுப் பிள்ளை அடையாள அட்டையோடு போகலாம். என் மகனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அவனுக்கு விசா கேட்கவில்லை, பாஸ்போர்ட் மட்டும் கையில் இருந்தது. அந்தப் படிவத்தில் பெயர் விட்டுப்போனால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் நானே பள்ளி அலுவலகத்துக்குப் போய் எழுத்துக்கு எழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். கூடப் போகும் ஆசிரியர்களுக்கு இந்த விலக்கு கிடையாது.

சேன்-தெனி டீச்சர்:

லிசே (மேல்நிலைப் பள்ளி) பிள்ளைகளைச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அழைத்துப்போன குழுவில் இருந்தேன். அங்கே கதை வேறு. ஐரோப்பிய அட்டைக்கு வேலையில்லை, பயணக் காப்பீடு முழுதாக வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக வேண்டும். சின்ன வயதில் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து வருஷந்தான் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள்.

ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருக்கும் பிள்ளைக்கு விசா வேண்டாம். ஆனால் இருபது வயதுக்குள் பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம் புதுப் பாஸ்போர்ட்டையும் புகைப்படத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். சந்தேகம் இருந்தால் சேன்-தெனியில் இந்தியத் தூதரக அலுவலகமே இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஆஸ்துமா, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள். பள்ளியில் பி.ஏ.ஈ. கோப்பு, அதாவது பிள்ளையின் நோய்க்குப் பள்ளியில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய தாள், இருந்தால் அதன் நகலை ஆசிரியர் கையில் கொடுங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் மூலப் பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், அங்கே மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் எடுத்துத் தருவார். ஆஸ்துமா பம்பு கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் வேண்டாம். அம்மாக்கள் ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையிலும் பம்பைப் பெட்டியிலும் வைக்கும் வினோதத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

லெ தாம்போன் பாட்டி:

பேரன் என்னிடம்தான் வளர்கிறான், அப்பா அம்மா லியோனில். அந்த ஆ.எஸ்.தே. தாளில் நான் கையெழுத்துப் போடலாமா?

சேன்-ஆந்த்ரே அம்மா:

கோர்ட் மூலமாகப் பொறுப்பு உங்கள் பெயரில் இல்லையென்றால் முடியாதும்மா. மகனையோ மருமகளையோ போடச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாது, கையெழுத்திட்ட அசல் தாளே பேரனோடு போக வேண்டும். இன்றைக்கே தபாலில் போடச் சொல்லிவிடுங்கள், அவர்கள் அடையாள அட்டை நகலும் அதே உறையில் வரட்டும்.