அப்பாவோட கிறிஸ்துமஸ் கேசட்டுகளைக் காப்பாத்தணும், உதவி பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் எலத்தகிரியிலிருந்து எழுதுறேன். அப்பா வருஷக்கணக்கா சேர்த்து வெச்ச கிறிஸ்துமஸ் பாட்டு கேசட் 14 இருக்கு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, இந்த டிசம்பருக்குள்ள எங்க வீட்டுக்குன்னு ஒரு தொகுப்பு பண்ணணும்.

அதுல ஒண்ணு கடையில வாங்கினது இல்ல. ஒரு வருஷம் கேரல் ரவுண்ட்ஸ் (வீடு வீடா கிறிஸ்துமஸ் பாட்டு பாடிட்டு வர்ற குழு) எங்க வாசலுக்கு வந்தப்போ அப்பாவே பதிஞ்சது. டிரம் சத்தத்துக்கு நடுவுல பாட்டி "உள்ள வாங்கய்யா, குளுருது"ன்னு கூப்பிடுறது அப்படியே கேக்கும். பாட்டி குரல் எங்ககிட்ட வேற எதிலயும் இல்ல.

இப்போ அந்த டேப்ல வெள்ளையா பூஞ்சை. அப்படியே ஓட்டினா டேப் அறுந்துடுமோ, பிளேயர் ஹெட் கெட்டு மத்த கேசட்டுக்கும் பரவுமோன்னு பயமா இருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ல இதைச் சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்க இருக்காங்களா? நல்லா ஓடுற டேப் டெக் ரெண்டு நாள் இரவல் கிடைச்சாலும் போதும். ஹெட்போன் அவுட்லருந்து கம்ப்யூட்டரோட லைன்-இன்னுக்கு வயர் போட்டு, ஆடாசிட்டிங்கிற ஒலிப்பதிவு சாஃப்ட்வேர்ல நானே பதிஞ்சுக்குவேன். ஒரு மணி நேர கேசட்டுக்கு வேவ் ஃபைலா 600 எம்பி வரும், அதுக்கு ஹார்ட் டிஸ்க் இருக்கு.

இன்னொண்ணு. தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எழுதின கீர்த்தனைகளை ஆர்மோனியத்தோட பழைய ராகத்துலயே பாடின பதிவு யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. கீபோர்டு ரிதம் போட்டது வேண்டாம், அதுல ராகமே அமுங்கிப் போகுது. நேர்ல வந்து கேட்டு, காப்பி எடுத்துட்டு, பத்திரமா திருப்பித் தர்றேன்.