அம்மாவுக்குக் காய்ச்சலே வரவில்லை

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்குவார். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கேட்காமல் போனதும், டோசிலிசுமாப் ஊசி போடலாம் என்றார் மூட்டு டாக்டர். "கிருமி வந்தால் நோய் எதிர்ப்பு செல்களை எழுப்ப உடம்பு அனுப்பும் சேதிப் புரதம் இன்டர்லியூகின்-6. உங்கள் மூட்டில் கிருமியே இல்லை, ஆனால் சேதி மட்டும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது" என்று விளக்கினார். அந்தச் சேதி வந்து ஒட்டும் ஏற்பியை மருந்து அடைத்துவிடுமாம். மூன்றாவது மாதம் அம்மா தன் கையால் பூ கட்டினார். அன்று நான் அழுதேவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு இருமல், அசதி. சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை. தெரு முனை கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிஆர்பி, அதாவது உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம், வெறும் 2 என்று வந்தது. "தொற்று எதுவும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளை. நிமோனியா!

மூட்டு டாக்டர்தான் புரியவைத்தார். ஈரல் சிஆர்பியைச் சுரப்பதே இன்டர்லியூகின்-6 சொல்லித்தான். காய்ச்சலை ஏற்றுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. சேதியை அடைத்துவிட்டால் கிருமி இருந்தாலும் இரண்டும் அடங்கிக் கிடக்கலாம். அம்மா பிழைத்துவிட்டார். இப்போது அவர் பர்ஸில் ஓர் அட்டை இருக்கிறது: மருந்தின் பெயர், கடைசி ஊசித் தேதி, "சிஆர்பியை மட்டும் நம்பாதீர்கள்."

*

மேலே அம்மாவைப் பற்றி எழுதியவருக்கு: இன்டர்லியூகின்-6 மரபணுவை 1986ல் ஜப்பானின் ஒசாகாவில் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியாளர் கிஷிமோட்டோவின் குழு பிரித்தெடுத்தது. உங்கள் அம்மாவின் ஊசியும் அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சிதான்.

நான் முதுகலை படித்தபோது கண்ணால் பார்த்தது வேறொரு சேதிப் புரதத்தின் வேலை. அது இன்டர்லியூகின்-8. என் ரத்தத்திலிருந்தே நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களைப் பிரித்து ஸ்லைடில் விட்டோம். உருண்டையாகச் சும்மா கிடந்தன. முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் அந்தப் புரதத்தை எடுத்து ஓரமாகக் கசியவிட்டார் சீனியர் அக்கா. சில நிமிடங்களில் ஒவ்வொரு செல்லுக்கும் முன்பக்கம் என்று ஒன்று முளைத்தது. அப்புறம் எல்லாம் குழாயைப் பார்த்து ஊர்ந்தன. குழாயை எதிர்ப்பக்கம் மாற்றினால் திரும்பி அங்கே வந்தன. கண்ணும் காதும் இல்லாத செல்கள்! எந்தப் பக்கம் புரதம் அடர்த்தியோ அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான். விரலில் முள் குத்திச் சீழ் கட்டினால், அதில் பெரும்பகுதி இப்படி ஊர்ந்து வந்து செத்தவைதான். அதற்குப் பிறகு சீழைப் பார்த்து எனக்கு அருவருப்பே வருவதில்லை.

*

இரண்டையும் படித்தேன், என் வீட்டுக் கதை இது. என் அண்ணனுக்கு முதுகுத்தண்டில் அழற்சி. அவருக்கு அடைக்க வேண்டியது டிஎன்எஃப் என்ற சேதிப் புரதத்தை. ஊசிக்குப் பணம் புரட்டிவிட்டுப் போனால், முதலில் மாண்டூ பரிசோதனை, அதாவது டிபி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்ப்பது, என்றார்கள். கை தடித்துவிட்டது. டிபி கிருமி உள்ளே தூங்குகிறதாம். அதைச் சுற்றி செல்கள் வேலி கட்டி நிற்பதே டிஎன்எஃப் பேச்சைக் கேட்டுத்தான். அதை நிறுத்தினால் வேலி கலைந்து கிருமி வெளியே வந்துவிடலாம். அதனால் முதலில் ஐசோனியசிட் மாத்திரை, ஒரு மாதம் கழித்துத்தான் ஊசி. வலியோடு அந்த ஒரு மாதத்தைத் தள்ளியது கொடுமை. ஆனாலும் டாக்டர் செய்தது சரி.

அடுத்த வாரம் அண்ணனுக்கு முதலாவது ஊசி. மேலே சொன்ன அம்மாவைப் போல அவர் பர்ஸிலும் ஓர் அட்டை எழுதி வைக்கப் போகிறேன்.