விற்கவா, வைத்துக்கொள்ளவா: பதினைந்து வயது எம்எக்ஸ்-5

ஈசூனிலிருந்து:

போன மாதம் பழைய கார் வியாபாரி ஒருவர், கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் காரான என் மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். 2019ல் சிஓஇ என்ற உரிமைச் சீட்டைப் புதுப்பிக்க நான் கட்டியதைவிட அது அதிகம். பதினைந்து வயதுக் காருக்கு! வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். சிங்கப்பூரில் இதெல்லாம் நடக்கும்.

இங்கே காருக்குக் காசு கொடுத்தாலும் அதைச் சாலையில் ஓட்டும் உரிமை பத்து வருடத்துக்குத்தான். அந்த உரிமைச் சீட்டுதான் சிஓஇ. 1990ல் வந்தது, மாதம் இரண்டு முறை ஏலம் நடக்கிறது. பத்து வருடம் முடிந்தால் காரை ஒப்படைக்க வேண்டும், அல்லது கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சிஓஇ 2 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது. எழுத்துப்பிழை இல்லை, இரண்டே வெள்ளி. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கானது 150,000 வெள்ளியைத் தொட்டது. என் கார் அந்த மலிவுக் காலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு 2009 மார்ச்சில் பதிவானது.

2019ல் முதல் கண்டம் வந்தது. முழுத் தொகை கட்டினால் இன்னும் பத்து வருடம். பாதி கட்டினால் ஐந்து வருடம், ஆனால் அதற்கப்புறம் புதுப்பிக்கவே முடியாது. அப்போது முழுத் தொகை முப்பதாயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பத்து வருடத்துக்கே கட்டினேன். (சொன்னது அப்புறம். அந்தக் கதை இங்கே வேண்டாம்.) ஞாயிறு காலைகளில் என்னோடு வரும் நண்பர் ஐந்து எடுத்தார். அவருடையதும் இதே கார், இதே வருடம், நிறம்தான் வேறு. "அஞ்சு வருஷத்துல நமக்கே அலுத்துடும் பாருங்க" என்றார்.

அலுக்கவில்லை. 2024 மார்ச்சில் அவரோடு நானும் ஸ்கிராப் யார்டுக்குப் போனேன். கார் தானே ஓடித்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில், டயர் நான்கும் ஆறு மாதத்துக்கு முன் மாற்றியவை. ஊழியர் கண்ணாடியில் வெள்ளை மார்க்கரால் ஏதோ எண் எழுதினார், சாவி இரண்டையும் கேட்டார், கையெழுத்து வாங்கினார். எல்லாம் இருபது நிமிடம்கூட இல்லை. வாசல்வரை நடந்து வந்த பிறகு நண்பர் வானத்தைப் பார்த்தார். மழை வரும்போலிருந்தது. திரும்பிப் போய்க் காரின் கூரையை மூடிவிட்டு வந்தார். ஊழியர் அவரைத் தடுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

அன்றிலிருந்து என் மனதும் கெட்டுப்போனது. 2029ல் மறுபடி புதுப்பிக்காவிட்டால் எனக்கும் இந்த நாள் வரும். இப்போதே நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிய மாடலுக்குப் போனால் என்ன?

போய் ஓட்டியும் பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், புதியது நல்ல கார். என்னுடையதைவிட ஏறக்குறைய நூறு கிலோ எடை குறைவு. ஒற்றைக் கையால் கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம். வளைவில் திரும்பும்போது கார் நமக்கு முன்பே யோசித்து வைத்ததுபோல் போகிறது. ஸ்டீயரிங் மட்டும் பிடிக்கவில்லை. என்னுடையது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பழைய பவர் ஸ்டீயரிங். சாலை சொரசொரப்பாக இருந்தால் உள்ளங்கைக்குத் தெரியும். புதியதில் மின்மோட்டார். இலகுவாக, துல்லியமாகத் திரும்புகிறது, ஆனால் கைக்கு ஒரு சேதியும் வருவதில்லை. விற்பனையாளரிடம் சொன்னேன். "பழகிடும் அண்ணே" என்றார். பழகிவிடும்தான்.

அப்புறம் கணக்கு. இந்த ஊரில் கார் வாங்குபவர் விலையைக் கேட்க மாட்டார், "டெப்ரி எவ்ளோ?" என்பார். வருடத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்பதுதான் எல்லாருக்கும் பேச்சு. புதியது வாங்கினால் சிஓஇ மட்டுமே லட்சத்தைத் தாண்டும், அது பத்து வருடத்தில் பூஜ்யம். சரி, 2017ல் பதிவான ஒன்றைப் பழையதாக வாங்கலாம் என்றால் அதன் சிஓஇ 2027ல் முடிகிறது. என்னுடையதற்கு முந்தியே! நல்ல உடம்பும் குறைந்த ஆயுளும் உள்ள காருக்கு, குறைந்த உடம்பும் கூடுதல் ஆயுளும் உள்ள காரைக் கொடுத்துக் கூடவே பணமும் தர வேண்டும். மறுபக்கம், பத்து வயது தாண்டிய காருக்குச் சாலை வரி ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறி ஐம்பதில் நிற்கிறது. இரண்டு லிட்டர் இன்ஜினுக்கு ஏறக்குறைய 1,200 வெள்ளி இருந்தது, இப்போது 1,800. ஆண்டுதோறும் பரிசோதனை வேறு.

மனைவி கணக்கைப் பார்க்கவே இல்லை. "ஏங்க, புதுசுலயும் ரெண்டு சீட்டுதானே? அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக அதுலயும் முடியாதே" என்றாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தத் தாழ்ந்த இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்துமிடத்தில் கால் மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் டாக்சிதான்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தெளிந்தது. நான் மாற்ற நினைத்தது காரை அல்ல, யார்டில் பார்த்த காட்சியை. புதியது வாங்கினால் அந்தக் காட்சி சில வருடம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். ஞாயிறு ஐந்தரை மணிக்குக் கூரையைத் திறந்து லிம் சூ காங் வரை போய், திரும்பும் வழியில் பழைய அப்பர் தாம்சன் சாலையின் வளைவுகளில் மெதுவாக வந்து (1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் நடந்த சாலை அது, இப்போது குரங்குகள்தான் குறுக்கே ஓடுகின்றன), பிராட்டாவும் (பரோட்டா) கோப்பி ஓவும் (பால் சேர்க்காத காப்பி) சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குள் வீடு. இதற்குப் பழையதே போதும். வியாபாரியிடம் வேண்டாம் என்றேன். "2028ல கூப்பிடுங்க" என்று அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

உட்லண்ட்ஸிலிருந்து:

அண்ணன் எழுதியதைப் படித்து மனம் கனத்தது, ஆனால் நான் மறுகட்சி. என்னிடம் இருந்தது சிவப்பு நம்பர் பிளேட் கார், நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும் ஓட்டக்கூடியது. வார நாளில் மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை, அப்புறம் சனி, ஞாயிறு, பொது விடுமுறை. மற்ற நேரம் எடுத்தால் 20 வெள்ளிக்கு ஒருநாள் உரிமம் வாங்க வேண்டும். முதலில் இது சௌகரியம் என்றுதான் நினைத்தேன். ஒருமுறை மலேசியாவின் மெர்சிங் போய்விட்டுத் திங்கள் அதிகாலை ஜோகூர் கடற்பாலத்தில் மாட்டிக்கொண்டேன். மணி 6:40, முன்னால் லாரி, பின்னால் லாரி. கூரை திறந்திருக்கிறது, புகை முழுக்க என் மூக்கில். 7:05க்குத்தான் இந்தப் பக்கம் வந்தேன். அன்றைக்கு 20 வெள்ளி போனதைவிட, கடிகாரத்தைப் பார்த்தபடி வந்த அந்த இருபத்தைந்து நிமிடம்தான் வெறுப்பாக இருந்தது.

இரண்டாவது குழந்தை பிறந்ததும் விற்றேன். ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கினேன். அழகில்லை, சத்தமில்லை, ஒன்றுமில்லை. மூன்று மாதம் பழைய கார் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் நின்றுவிட்டது. வருத்தமா என்றால், வெள்ளிக்கிழமை இரவில் மட்டும். அண்ணே ஒரு கேள்வி: துணிக்கூரைக் கார் இத்தனை வருடம் நம்ம ஊர் மழையில் எப்படித் தாங்குகிறது?

ஈசூனிலிருந்து:

தம்பி, தாங்கவில்லை. கூரையில் விழும் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இருபுறமும் உள்ள குழாய் வழியாக வெளியேற வேண்டும். எங்கள் பிளாக்கில் திறந்தவெளி நிறுத்தம், பக்கத்திலேயே மரம். சருகு போய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். போன வாரம் அப்படித்தான் ஆனது. வளையக்கூடிய நைலான் கம்பி ஒன்றை உள்ளே விட்டு மெதுவாக ஆட்டினேன். கம்பியைக் குத்தி இறக்கக் கூடாது, குழாய் கழன்றுவிடும். சேறும் சருகுமாக ஒரு பிடி வந்தது. கார்ப்பெட்டைக் கழற்றி ஐந்தாம் மாடித் தாழ்வாரத்தில் போட்டிருக்கிறேன். இன்றோடு நான்காவது நாள், இன்னும் காயவில்லை. எதிர்வீட்டுக்காரர் நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்டார்.